மெஷின் மாறிருச்சு, அப்ப நான் யாரு? – வாசகர் கேள்வி பதில்

வேலை பார்க்கும் இடம் மாறும்போது மனசுக்கும் மதிப்புக்கும் என்ன ஆகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்து இங்கே. மில் பராமரிப்பு, கணக்கு, தொழிலாளர் சட்டம், மனநலம் என்று அந்தந்தத் துறை தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 23 வருடமாக ஃபிட்டர். ரிங் ஃபிரேம் (நூல் நூற்கிற மெஷின்) ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். போன வருடம் பழைய மெஷினைத் தூக்கிவிட்டு, நூலைச் சுற்றுகிற ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் பேனலில் காட்டுகிற புது மெஷின் போட்டார்கள். டிப்ளமோ முடித்த பையன் டேப்லெட்டைப் பார்த்து “412ஆம் ஸ்பிண்டில்ண்ணே” என்கிறான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிறேன். சம்பளம் குறையவில்லை. ஆனால் ஷிஃப்டுக்குக் கிளம்பவே பிடிக்கவில்லை.
– வாசகர், திருமங்கலம்

பதில்: சம்பளம் குறையவில்லை என்று நீங்களே எழுதிவிட்டதால், “வேலை இருக்கே, அதை நெனச்சு சந்தோஷப்படுங்க” என்று சொல்கிறவர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். உங்கள் கையைவிட்டுப் போனது ஒன்றுதான்: கோளாறை முதலில் கண்டுபிடிக்கிற ஆள் என்ற இடம். அதைப் பேனல் எடுத்துக்கொண்டது. பேனலால் எடுக்க முடியாதது எது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

412ஆம் ஸ்பிண்டிலில் நூல் அடிக்கடி அறுகிறது என்று பேனல் சொல்லும். ஏன் அறுகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால் கோளாறு அந்த இடத்திலேயே இருக்கிறது. நூலுக்கு வழிகாட்டுகிற லேப்பட் கொக்கியில் நூல் ஓடி ஓடித் தடம் விழுந்திருக்கலாம், ஸ்பிண்டில் தன்னைச் சுற்றியுள்ள ரிங்குக்கு நட்டநடுவில் நிற்காமல் விலகியிருக்கலாம், நாரை நகர்த்துகிற ஏப்ரன் கிழிந்திருக்கலாம், ஸ்பிண்டிலைச் சுழற்றுகிற டேப் தளர்ந்து முறுக்குக் குறைந்திருக்கலாம். மெஷின் முழுக்க அங்கங்கே அறுந்தால் ஸ்பிண்டிலைத் தொடுவதே வீண். ரோவிங்கையும் (நூலாவதற்கு முந்தைய பஞ்சுத் திரி) ஹாலின் ஈரத்தையும் பார்க்க வேண்டும். ரிங் ஃபிரேம் ஹாலில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை நின்றால் ஓட்டம் ஒழுங்காக இருக்கும். கத்திரி வெயிலில் அது இறங்கினால் நார் காய்ந்து, மின்னூட்டம் ஏறி ரோலரில் சுற்றும். ஐப்பசி மழையில் ஏறினால் நார் ரோலரின் ரப்பர் உறையான காட்ஸில் ஒட்டிக்கொண்டு சுற்றும். பார்வைக்கு இரண்டும் ஒரே லேப்பிங்தான். ஒரு மெஷினில் உறிஞ்சும் விசிறியிலிருந்து தள்ளியிருக்கிற கடைசி ஸ்பிண்டில்களில் மட்டும் லேப்பிங் கூடினால், அறுந்த நாரை உறிஞ்சுகிற நியூமாஃபிலின் ஃபில்டரில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ரிங்கின் மேல் ஓடுகிற டிராவலர் தேய்ந்தால் நூலில் மயிர் எழும்பும். நூல் சுற்றிய ‘கோப்’பைத் தடவிப் பார்க்கிற விரலுக்கு அது அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சென்சாருக்கு அறுந்த பிறகுதான் தெரியும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இது உங்களுக்குத் தெரியும் என்பது மில்லில் எந்தத் தாளிலும் இல்லை. பழைய மெஷினில் உங்கள் திறமை எல்லார் கண்முன்னாலும் நடந்தது. புது மெஷினில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைத் தெரிய வைக்கிற வேலையை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று போதும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் தேதி, மெஷின் நம்பர், கவுண்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்), பேனல் காட்டியது என்ன, பிரித்துப் பார்ப்பதற்கு முன் உங்கள் சந்தேகம் என்ன, பிரித்ததும் இருந்தது என்ன, என்ன மாற்றினீர்கள், மறுநாள் அறுபடுவது குறைந்ததா என்று எட்டுக் கட்டம். தமிழிலேயே எழுதுங்கள். ஐந்தாவது கட்டம்தான் உயிர்நாடி. சந்தேகத்தை முன்கூட்டியே எழுதாவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு “நான் அப்பவே நெனச்சேன்” என்பது வெறும் பேச்சாகிவிடும். தப்பாகப் போன சந்தேகத்தையும் அடிக்காமல் விடுங்கள். எந்த இடத்தில் பேனல் சரி, எந்த இடத்தில் கை சரி என்பது அதிலிருந்துதான் பிரியும்.

மூன்று மாதத்தில் திரும்பத் திரும்ப வருகிற நாலைந்து கோளாறுகள் தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், தேய்ந்த உதிரியின் ஒரு போட்டோ. அதை எடுத்துக்கொண்டு பராமரிப்புத் தலைமையிடம் போங்கள். பேச்சைப் புலம்பலில் தொடங்காமல் நேரத்தில் தொடங்குங்கள்: “இந்தக் கோளாறுக்கு முன்பு இவ்வளவு நேரம் மெஷின் நின்றது, இப்படிப் பார்த்தால் இவ்வளவுதான் நிற்கிறது.”

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, “சொல்லிக் கொடுத்துட்டா நம்மள எதுக்கு வச்சிருப்பான்” என்று நோட்டைப் பூட்டி வைப்பது. பூட்டி வைத்த அறிவுக்கு ஓய்வு பெறுகிற நாள் வரை யாரும் விலை போட மாட்டார்கள். இரண்டாவது, அந்த டிப்ளமோ பையனைப் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பது. ஷிஃப்டுக்கு ஒரே ஒரு கோளாறு, மெஷின் பக்கத்திலேயே, அவன் கையை வைக்கச் சொல்லிக் காட்டுங்கள். பதிலுக்குப் பேனலில் செட்டிங் மாற்றுகிற ஒரு மெனுவை அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் “ண்ணே” என்ற அந்தச் சொல்லில் மரியாதை நிற்கும்.

கையில் படிப்புச் சான்று இல்லையென்றால், முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தருகிற ஆர்.பி.எல். முறை இருக்கிறது. கோ.புதூரில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யிலோ மாவட்ட வேலைவாய்ப்பு மையத்திலோ, ஜவுளிப் பிரிவில் அந்தச் சமயம் நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் கஸ்டமர் சப்போர்ட். இப்போது முதல் கட்ட டிக்கெட்டையெல்லாம் (கஸ்டமரின் கேள்வி, புகார்) சாட்பாட் பார்த்துக்கொள்கிறது. எனக்கு வேலை குறைந்திருக்க வேண்டும்; ஆனால் முன்னைவிடக் களைப்பு. “உனக்குப் பதிலா கம்ப்யூட்டரே பேசுதாமே” என்று வீட்டில் வேறு கேலி.
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: களைப்புக்குக் காரணம் மனசு மட்டுமில்லை. பாஸ்வேர்டு மாற்றுவது, பில் நகல் அனுப்புவது போன்ற லேசான டிக்கெட்டுகள் முன்பு நடுநடுவே வந்தன. இரண்டு நிமிடத்தில் முடித்து, நன்றி வாங்கி, மூச்சு விட்டுக்கொள்வீர்கள். பாட் எடுத்துக்கொண்டது அந்த மூச்சு விடுகிற இடத்தைத்தான். இப்போது உங்களிடம் வருவது பாட்டிடம் பேசிப் பேசிக் கடுப்பானவர்கள் மட்டும். ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை நிமிடம் என்ற இலக்கு மட்டும் லேசானதும் கடினமானதும் கலந்து வந்த காலத்தில் போட்டதாகவே இருக்கும்.

பத்து வேலை நாளுக்கு ஒரு ஷீட் போடுங்கள். டிக்கெட்டின் வகை, எடுத்த நேரம், பாட் முன்னால் என்ன சொல்லியிருந்தது, அது தப்பா அரைகுறையா. அதை வைத்து இரண்டு கோரிக்கை: டிக்கெட் வகைக்கு ஏற்ப நேர இலக்கைப் பிரிப்பது, பாட் தப்பாகச் சொன்னதில் வாரம் ஐந்தைத் தேர்ந்து திருத்துகிற பொறுப்பை உங்களுக்குத் தருவது. முதல் கோரிக்கை மூச்சு விட இடம் தரும். இரண்டாவதில்தான் உங்கள் அடுத்த வேலை இருக்கிறது. பாட்டுக்கு எது தெரியவில்லை என்று பட்டியல் போடத் தெரிந்தவர், அந்தக் குழுவில் அதற்குப் பதில் சொல்கிறவராக மாறுகிறார். ஆனால் இது எழுத்தில் உங்கள் பொறுப்பாக, வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தரப்பட வேண்டும். வாய்வார்த்தையாக ஏற்றால் பழைய இலக்கோடு இதுவும் சேர்ந்துவிடும்.

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் ஒரே வேலைப் பட்டியலை வைத்துக்கொண்டு, சிலர் தரையை மட்டும் துடைத்தார்கள். சிலர் நோயாளியோடும் வந்தவர்களோடும் பேசுவதையும் தங்கள் வேலையாக ஆக்கிக்கொண்டார்கள். வேலையின் எல்லையையும் அதில் யாரோடு பழகுகிறோம் என்பதையும் ஊழியரே கொஞ்சம் நகர்த்தலாம் என்பது அவர்கள் வாதம். கொஞ்சம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலதிகாரி அனுமதிக்காத இடத்தில் இது ஓடாது.

சான்றிதழ் கோர்ஸ்களை வரிசையாகக் குவிக்க வேண்டாம். இப்போது பார்க்கிற புராடக்ட் சம்பந்தமாக ஒன்று போதும். வீட்டுக் கேலிக்குப் பதில்: “கம்ப்யூட்டர் சமாளிக்க முடியாததுதான் எங்கிட்ட வருது.”

கேள்வி: அப்பாவுக்கு 61. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 34 வருடம் கணக்குப் பார்த்தார். முதலாளி மகன் வந்ததும் எல்லாம் சாஃப்ட்வேர். ஆறு மாதம் முன்பு “நீங்க ரெஸ்ட் எடுங்கய்யா” என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பதினோரு மணிக்குத்தான் குளிக்கிறார், பேப்பர்கூடப் படிப்பதில்லை, அம்மாவோடு சின்னச் சின்னதுக்குச் சண்டை. “பேரனை ஸ்கூலில் விட்டுட்டு வாங்கப்பா” என்றால் கோபம் வருகிறது.
– வாசகி, வில்லாபுரம்

பதில்: பேப்பர் படிக்காததை நீங்கள் கவனித்தது முக்கியம். வியன்னா பக்கம் மரியென்தால் என்ற ஊரில், ஊருக்கே சோறு போட்ட ஜவுளி ஆலை மூடிய பிறகு மேரி யஹோடாவும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வு 1933இல் வெளியானது. நேரம் மலையாகக் குவிந்து கிடந்தும், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை மெதுவாகி, அடிக்கடி நின்று நின்று போனார்கள். (பெண்கள் அப்படி நிற்கவில்லை, வீட்டு வேலை அவர்களை நிற்க விடவில்லை.) சம்பளத்தைத் தவிர வேலை ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஒரு பங்கு, ஊரில் ஒரு அடையாளம், கைக்கும் மூளைக்கும் வேலை.

பேரனை ஸ்கூலில் விடுவது இதில் முதலாவதை மட்டும் அரைகுறையாகத் தருகிறது. 34 வருடம் பேரேடு எழுதியவருக்கு அது பதவி இறக்கமாகத் தெரிகிறது, கோபம் அதனால்தான். அவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை கணக்காகவே இருக்கட்டும். வீட்டுக்கு வெளியே, வாரம் மூன்று நாள், காலை 9:30க்கு, யாரோ ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி, சின்னதாகவாவது பணத்தோடு.

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற கடைகளில் அப்படி ஒரு வேலை கிடக்கிறது. சப்ளையர்கள் போட்ட பில்லெல்லாம் சேர்ந்த 2பி அறிக்கை 14ஆம் தேதி போர்ட்டலில் வந்துவிடும். மாத வரிக் கணக்கான 3பி தாக்கலுக்குக் கடைசி 20ஆம் தேதி. கடையில் இருக்கிற கொள்முதல் பில் ஒவ்வொன்றும் அந்த 2பி பட்டியலில் இருக்கிறதா என்று இந்த ஆறு நாளில் ஒப்பிட வேண்டும். விட்டுப்போன பில்லுக்குக் கட்டிய வரியை அந்த மாதம் கழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. நம்பரில் ஒரு எழுத்துப் பிழை, பில் நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறியது, ஒரே பில் இரண்டு தடவை ஏறியது: இதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால், பழைய கணக்குப்பிள்ளை பென்சிலோடு உட்கார்ந்து பிடித்துவிடுவார். விட்டுப்போன பில்லுக்காகச் சப்ளையருக்கு போன் போட்டுப் பேசவும் வேண்டியிருக்கும். கீழமாசி வீதியில் அப்பாவுக்குத் தெரிந்த முகங்கள் அதற்கு உதவும். வில்லாபுரத்தில் ஒரே ஒரு கடையில் தொடங்குங்கள். ஹார்டுவேர், மருந்துக்கடை மாதிரி பில் அதிகம் வருகிற இடம் நல்லது. தாக்கலை ஆடிட்டர் செய்யட்டும். அப்பா ஒப்பிடுவது மட்டும். மாதச் சம்பளம் பேசாமல் பில்லுக்கு இவ்வளவு என்று பேசினால் கடைக்காரருக்கும் பயமிருக்காது.

கெட்டுப்போகிற வழிகள் மூன்று. அவரைக் கேட்காமல் நீங்களே பேசி முடிப்பது; “சும்மாதானே இருக்காரு” என்று காசில்லாமல் அனுப்புவது; பழைய கடைக்கே தினம் போய் உட்கார்ந்துவிட்டு வருவது. மூன்றாவதுதான் அதிகம் புண்படுத்தும்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கவேண்டியது அது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த கடையென்றால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. தானே நின்றதாக எழுதிக் கொடுத்திருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியவருக்கு உரிமை போகாது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 13,000 ரூபாய் என்றால் 500, அதை 15ஆல் பெருக்க 7,500, 34 வருடத்துக்கு 2,55,000 ரூபாய். கடை ‘அன்பளிப்பு’ என்று ஒரு தொகை கொடுத்திருந்தால் அது எதற்கு என்று தாளில் இருக்கிறதா பாருங்கள். முதலில் எழுத்தில் விண்ணப்பம், பதிவுத் தபாலில். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிப் பாஸ்புக்கும், அவர் கையெழுத்தில் இருக்கிற பழைய கணக்கின் நகலும் சாட்சி. இந்தப் பணம் வருவதும் மனசுக்கு மருந்துதான். 34 வருடத்தை ஒருவர் கணக்கெடுத்தார் என்று ஆகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ விட்டுப்போனால், “இருந்து என்ன” என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கேள்வி: டூவீலர் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர், வயது 47. புது மேனேஜருக்கு 27. நான் தொழில் பழக்கிவிட்ட பையன். ‘சார்’ சொல்ல நாக்கு வரவில்லை. ‘தம்பி’ என்றால் அவர் முகம் சுருங்குகிறது.
– வாசகர், தல்லாகுளம்

பதில்: கஸ்டமர் முன்னாலும் மெக்கானிக்குகள் முன்னாலும் ‘சார்’. அந்த நாற்காலிக்குச் சொல்வது அது. தனியாக இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் “அண்ணே, தம்பின்னே சொல்லுங்க” என்பார். கருத்து வேறுபாடு வருகிற நேரத்தில் மட்டும் ‘தம்பி’ வாயில் வருகிறதா என்று கவனியுங்கள். வருகிறதென்றால் முகம் சுருங்குவதற்குக் காரணம் அதுதான். எஸ்டிமேட்டில் மாற்றுக் கருத்து இருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன் தனியாகச் சொல்லுங்கள். கஸ்டமர் வந்து நின்றபிறகு வேண்டாம்.

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டேன். இப்போது பிரிண்ட் சேலைதான் ஓடுகிறது. ஜவுளிக் கடையில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன், நாளுக்கு 400 ரூபாய். திரும்ப முடிச்சுப் போடு, வீடியோ எடுத்து விற்கலாம் என்கிறாள் மகள். கேமரா முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. தவிர, கட்டுப்படியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: பேக்கிங் வேலையை விடாதீர்கள். குடும்பச் செலவை முடிச்சின் மேல் ஏற்றினால், வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிவரும். பிடித்த தொழில் அப்படித்தான் கசக்கிறது. வாரம் இரண்டு சாயங்காலம் போதும்.

முதலில் உங்கள் நேரத்தின் விலை. போனில் நேரம் வைத்து 100 முடிச்சுப் போடுங்கள், வெவ்வேறு வேளையில் மூன்று தடவை, சராசரி எடுங்கள். 100க்கு 10 நிமிடம் என்று வைத்தால், உதாரணத்துக்கு 5,000 முடிச்சு போகிற ஒரு துணிக்கு 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். கடையில் எட்டு மணி நேரத்துக்கு 400 என்றால் மணிக்கு 50 ரூபாய். முடிச்சுக் கூலி மட்டுமே 417 ரூபாய் ஆகிறது. துணி, சாயம், அலசல், முடிச்சு அவிழ்க்கிற நேரம் எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்குக்குக் கீழே விற்றால் உங்கள் கைக்காசைப் போட்டுத்தான் விற்கிறீர்கள். அதனால் தொடக்கத்தில் சேலை வேண்டாம். முடிச்சு குறைவாகப் போகிற துப்பட்டா, ரவிக்கைத் துணி. சேலை கேட்பவரிடம் பாதி முன்பணம்.

இருபது வருடக் கை தெரிகிற இடம் இறுக்கம்தான். நூல் தளர்ந்தால் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி அடைந்துவிடும். அதிகம் இறுக்கினால் அவிழ்க்கும்போது துணி கிழியும். மகளுக்குக் காட்டவேண்டியது இதை. வீடியோவில் முகமே வேண்டாம். நகத்தால் துணியைக் கிள்ளி எடுப்பது, நூல் சுற்றுவது, சாயத்துக்குப் பிறகு அவிழும்போது புள்ளி வெளிவருவது, இவ்வளவு போதும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் போனை நிறுத்தச் சொல்லுங்கள். கையால் போட்ட புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தொட்டால் லேசாக மேடு தட்டும், துணியின் பின்பக்கமும் தெரியும். பிரிண்டில் எல்லாம் ஒரே அச்சு. துணியின் ஓரத்தில் ஒரு சாண் அளவு முடிச்சை அவிழ்க்காமலே விற்றால் அதுவே அத்தாட்சி. முதல் சலவை தனியாக, பச்சைத்தண்ணீரில் என்று ஒரு துண்டுச் சீட்டு சேர்த்து அனுப்புங்கள். சாயம் ஒட்டிய புகார்தான் முதலில் வரும்.

மகள் பிரிண்ட் துணியையும் ‘சுங்குடி’ என்றே சேர்த்து விற்க ஆசைப்படலாம். விடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி விலை. மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. அந்தக் குறியீட்டைப் போட்டு விற்க, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று உங்கள் பெயரில் பதிய வேண்டும். தனியாக அலையாமல், முடிச்சுப் போடுகிற நாலைந்து பேர் சேர்ந்து உற்பத்தியாளர் சங்கம் வழியாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் கடையின் பெயரோ மகள் பெயரோ வேண்டாம், முடிச்சுப் போடுகிற உங்கள் பெயரே இருக்கட்டும்.